தாளில் மட்டும் இருந்த மூன்று மீட்டர்

பன்னிரண்டாம் ரேக்குக்கு மேலே போகும் குளிர்நீர்க் குழாயில் ஒரு சொட்டு திரண்டு, கொஞ்ச நேரம் யோசித்து, விழுந்தது. ரேக்கிலிருந்து நாலு விரற்கடை தள்ளித் தரையில் விழுந்தது. அடுத்தது எங்கே விழும் என்று குழாய்க்கே தெரியாது.

காலை பதினொரு மணி. கெரேத்தாரோ நகரத்தின் ஓரத்தில் எங்கள் தரவு மையம், இரண்டாம் கூடம். ஏழு மருத்துவமனைகளின் ஆம்புலன்ஸ் அழைப்புகள் சர்வர்கள் அடுக்கிய அந்த ரேக்குக்கு வந்துதான் பிரிந்து போகின்றன. அதற்கு இடப்பக்கம் ஒரு ஃபைபர் கேபிள், வலப்பக்கம் ஒன்று. ஒன்று செத்தால் மற்றது தாங்கும். அன்று விடிகாலையில் சாலை தோண்டிய புண்ணியவான்கள் இடது பாதையை வெளியே எங்கோ வெட்டிவிட்டார்கள். ஒட்டி முடிக்க மதியம் மூன்றாகும் என்று தகவல். அதுவரை வலது கேபிள் ஒன்றுதான் உயிர்.

"ரேக்கை இடப்பக்கம் ரெண்டடி தள்ளிடலாம்," என்றார் கூடத்தின் பொறுப்பாளர் ஒஃபேலியா மேடம். "சக்கரம் இருக்கு, ஓடிட்டிருக்கும்போதே தள்ளலாம். வலது கேபிள்ல நீளம் மிச்சம் இருக்கா, வரைபடத்தைப் பாருங்க."

கேபிள் ஆள் நிக்கானோர் தாளை விரித்தான். "மேல கேபிள் ட்ரேயில மூணு மீட்டர் சுருட்டி வச்சிருக்கு மேடம். நம்ம மிளகாய் போட்ட பிளானாச்சே, தாராளம்!"

மிளகாய் நான்தான். என் பெயர் எவாரிஸ்தோ. என் அம்மா தலைநகரில் லா மெர்சே சந்தையில் காய்ந்த மிளகாய் விற்றவள் என்று ஒருமுறை வாய் தவறிச் சொன்னதன் பலன்.

நான் ட்ரேயை நிமிர்ந்து பார்த்தேன்.

அந்தச் சுருள் தாளில் மட்டும்தான் இருந்தது.

மூன்று வருடம் முன்பு ஒவ்வொரு ரேக்குக்கும் அளவு போட்டு, பின்னால் நகர்த்த வேண்டிவந்தால் இருக்கட்டும் என்று மூன்று மீட்டர் சேர்த்து, கையெழுத்து வாங்கினேன். பிறகு கேபிள் விற்கும் கம்பெனிக்காரனிடம் பேரம். அவன் ஒரு பைசா இறங்க மாட்டேன் என்றான். பேரத்தில் தோற்றுப் போய் வீடு திரும்பிய ஆண்பிள்ளை எங்கள் குடும்பத்தில் கிடையாது. "சரி, அந்த மூணு மீட்டரை வெட்டிடு" என்றேன். ஃபைபர் தொழிற்சாலையிலேயே இரு முனையும் பொருத்தி வருவது. வந்த நீளம் வந்ததுதான். தாளைத் திருத்தவில்லை. மிச்சம் பிடித்ததற்கு மேலிடத்தில் பாராட்டு. அம்மா ஒரு கிலோ நிறுத்தபின் கொசுறாக ஒரு பிடி போடாமல் பொட்டலம் மடித்ததில்லை. நான் அந்தப் பிடியையே விற்றவன்.

சுருள் இருக்கவேண்டிய இடம் குழாய்க்குப் பின்னால். கீழே இருந்து பார்த்தால் தெரியாது.

நிக்கானோரும் இன்னும் இரண்டு பேரும் சக்கரப் பூட்டை எடுத்தார்கள். சுவர்த்திரையில் எண் ஓடிக்கொண்டிருந்தது: அந்த நொடியில் பதினாறு அழைப்புகள். பதினாறு வீடுகளில் யாரோ நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். கேபிள் கொஞ்சம் தொய்வாகப் போயிருக்கலாம், ரெண்டடி தாங்கலாம் என்று மனசு என்னிடமே பேரம் பேசியது. வாயைத் திறந்தால் வேலை போகும். திறக்காவிட்டால்?

நிக்கானோர் தோளைக் கொடுத்தான்.

"நிறுத்துங்க!" என்றேன்.

"என்ன மாப்ள, தலையில பல்லி விழுந்துச்சா?"

"சுருள் இல்ல."

"எந்தச் சுருள்?"

"மேல ஒண்ணும் இல்ல. நான்தான் ஆர்டர்ல வெட்டச் சொன்னேன். தள்ளினா கேபிள் பிடுங்கிக்கும்."

நிக்கானோர் சூடு பட்டவன்போல் ரேக்கிலிருந்து கையை எடுத்தான்.

"இதுல உன் கையெழுத்து இருக்கு," என்றார் மேடம்.

"ஆமா மேடம்."

"கீழ என் கையெழுத்தும் இருக்குடா."

டொக். இந்தச் சொட்டு ரேக்கின் மூடிமேலேயே விழுந்தது.

"தண்ணியை மூடிட்டா?" என்றான் நிக்கானோர்.

"இங்க குளிரே அந்தத் தண்ணிதான். மூடினா பத்து நிமிஷத்துல கூடம் மொத்தமும் அடுப்பாயிடும்," என்றார் மேடம்.

அப்போதுதான் எனக்குச் சந்தை மழை ஞாபகம் வந்தது: மிளகாய் நனையாமல் அம்மா தார்ப்பாயைச் சாய்த்துக் கட்டித் தண்ணீரை ஓரமாக வடிப்பாள். ஓடினேன். வாசல் கேட்டுக்கு வெளியே கோர்திதா என்ற சோள ரொட்டி சுட்டு விற்கும் பெலிசா அக்காவின் கடைக்கு மேல் ரோஸ் நிறத் தார்ப்பாய்.

"அக்கா, தார்ப்பாயைக் குடு."

"வெயில்ல என்னை வறுக்கவா? என்ன தருவ?"

"என்ன கேட்டாலும் தர்றேன்."

அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். ஐந்து வருடமாக ஒரு கோர்திதாவுக்கு அரை மணிநேரம் வாதாடுகிறவன் நான். "யாருக்குடா என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே கயிற்றை அவிழ்த்தாள்.

குழாய்க்கும் ட்ரேக்கும் நடுவே அதைக் கட்ட வேண்டும். ஏணியில் ஏறி முடிச்சுப் போட்டேன், அவிழ்ந்தது. மறுபடி போட்டேன்; அதுவும் அவிழ்ந்தது.

"இறங்கு, உன் முடிச்சு நிக்கல," என்றான் நிக்கானோர். "நான் கட்டறேன். எப்படின்னு மட்டும் சொல்லு."

"மூணு மூலை உசரம். ஒரு மூலையைத் தாழ இழு, தண்ணி அங்க ஓடட்டும். நடுவுல குழி விழக்கூடாது, விழுந்தா கனத்துல கிழிஞ்சிடும்."

தாழ்ந்த மூலைக்குக் கீழே வாளி வைத்தோம். சொட்டு இப்போது நூலாக ஒழுகத் தொடங்கியிருந்தது. மூன்று மணிநேரத்துக்கு மேல் வாளி மாற்றியபடி நின்றோம். யாரும் சாப்பிடப் போகவில்லை.

மூன்று பத்துக்கு இடது கேபிளின் விளக்கு பச்சையானது.

"இப்ப தள்ளுங்க," என்றார் மேடம்.

ரேக் இடப்பக்கம் ஒரு சாண் நகர்ந்தது. மேலே வலது கேபிள் நாண்போல விறைத்தது. இன்னும் நாலு விரல். க்ளிக் என்று ஒரு சின்னச் சத்தம், வலது விளக்கு அணைந்தது. இடது விளக்கு எரிந்தது. திரையில் பத்தொன்பது அழைப்புகள், ஒன்றுகூட அறுபடவில்லை.

தொங்கும் முனையை எல்லோரும் பார்த்தார்கள். காலையில் இருந்தது அது ஒன்றுதான். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மேடம் வரைபடத்தை என் பக்கம் திருப்பினார். "இதே ஆர்டர்ல மொத்தம் எத்தனை ரேக்?"

"இருபத்துநாலு."

அவர் நிமிர்ந்து குழாயைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அது பன்னிரண்டைத் தாண்டி, பதிமூன்று, பதினாலு என்று கூடத்தின் கடைசிவரை போனது.