ஒரே பக்கம் சாய்ந்த பட்டைகள்

"ஒரே மாதிரி பன்னிரண்டு தைக்க வருமா உனக்கு?"

அத்தான் இப்படிக் கேட்டபோது ஊசி துணிக்காகக் கையை நீட்டினாள், அவ்வளவுதான். வீட்டில் எல்லோருக்கும் அவள் ஊசி. ஆள் மெலிவு, பேச்சு அதைவிட மெலிவு. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு அக்கா வீட்டுத் தையல் மிஷினோடு ஒட்டிக்கொண்டவள்.

அத்தான் வேன் ஓட்டுகிறவர். ஒரு கிடங்கில் வேலை செய்கிறவர்களைக் காலையில் ஏற்றிப்போய் மாலையில் கொண்டுவந்து விடுவார். அவர்கள் போட்டுக்கொள்ளும் மஞ்சள் மேல்சட்டைகளைத்தான் மூட்டையாகக் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொன்றிலும் இடது தோளிலிருந்து வலது இடுப்புவரை குறுக்காக ஒரு கறுப்புப் பட்டை வேண்டுமாம். "புது டிசைன்" என்றார். காகிதத்தில் ஒரே ஒரு அளவு வெட்டிக்கொண்டு இரண்டு மத்தியானத்தில் பன்னிரண்டையும் முடித்துவிட்டாள். நாலாவது சட்டைக்குக் கறுப்புத் துணி ஒரு விரல்கடை போதவில்லை. இடுப்புப் பக்கம் கருநீலத்தில் ஒட்டுப் போட்டாள். யார் பார்க்கப்போகிறார்கள்?

அடுத்த மாதம் அவளுக்கு வேலை கிடைத்தது. டயர் கடைக்கு மேலே ஒரு அறை, எட்டுக் கம்ப்யூட்டர்கள், எப்போதும் ரப்பர் வாடை. ஆட்களை ஏற்றும் வேன்களில் கண்ணாடிக்கு மேலே ஒரு கேமரா இருக்கும். உட்கார்ந்திருப்பவர்கள் சீட் பெல்ட் போட்டிருக்கிறார்களா என்று அது படமெடுக்கும், இயந்திரம் முடிவு சொல்லும். இயந்திரம் தடுமாறும் படங்கள் இந்த அறைக்கு வரும். அது அடித்துச் சொல்லும் படங்களிலும் நூற்றுக்கு ஒன்று சோதனைக்கு வரும். முகங்களை மங்கலாக்கியிருப்பார்கள்.

வாயைத் திறக்க வேண்டாத வேலை. கண்தான் மூலதனம். பையின் வார் எது, பெல்ட் எது, தோளில் கிடப்பது துண்டா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். "மிஷின் முழிக்கிற இடத்துல இந்தப் பொண்ணு முழிக்க மாட்டா" என்று மேற்பார்வை பார்க்கும் அக்கா மற்றவர்களிடம் சொன்னதைக் கேட்ட நாளிலிருந்து ஊசி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார ஆரம்பித்தாள்.

அன்றைக்கு வந்த படத்தில் இயந்திரம் அடித்துச் சொல்லியிருந்தது: பன்னிரண்டு பேர், பன்னிரண்டு பெல்ட். ஊசி ஒருமுறை பார்த்தாள். கை நின்றுவிட்டது.

"அக்கா, இதுல ஒருத்தர்கூட பெல்ட் போடல."

மேற்பார்வை அக்கா வந்து குனிந்தாள். "எல்லாருக்கும் கறுப்பாத் தெரியுதேம்மா. மிஷின் சத்தியமே பண்ணுது."

"மிஷினுக்குச் சாஞ்ச கோடு ஒண்ணு இருந்தாப் போதும்க்கா. பெல்ட் ஜன்னல் பக்கத் தோள்லேர்ந்துதானே வரும்? இந்த ஓரத்துல உக்காந்தவங்களுக்கு இப்படி, அந்த ஓரத்துல இருக்கிறவங்களுக்கு அப்படி. ரெண்டும் சேர்ந்து புனல் மாதிரி தெரியணும். இங்க சாரல் அடிச்ச மாதிரி எல்லாம் ஒரே பக்கம் சாயுது. இது சட்டையில தைச்ச பட்டை."

"அவ்வளவு உறுதியாச் சொல்றே?"

ஊசி மூன்றாவது வரிசையில் விரலை வைத்தாள். இடுப்பருகே ஒரு விரல்கடைக் கருநீலம்.

"தைச்சது நான். வண்டி எங்க அத்தானோடது."

பக்கத்து நாற்காலிக்காரி சிரித்தாள். "கன்னக்கோல் அடிச்சுக் கொடுத்தவளே காவலுக்கு உக்காந்திருக்கா."

மேற்பார்வை அக்கா சிரிக்கவில்லை. "பதிஞ்சா வண்டிய நிறுத்திடுவாங்க. தெரியுமில்ல?"

தெரியாமலா? கூடப்பிறந்த அக்கா வீட்டில் உலை கொதிப்பதே அந்த வேன் ஓடுவதால்தான்.

"வேணும்னா நான் பதியறேன். உன் பேர் வராது."

"வேணாம்க்கா. பிரேக் போட்டா நான் தைச்ச பட்டை யாரையும் பிடிக்காது."

'இல்லை' என்ற பொத்தானைப் பன்னிரண்டு தடவை அழுத்தினாள்.

சாயங்காலம் அத்தான் திரும்ப வாங்கிய மஞ்சள் சட்டை மூட்டையோடு வீட்டுக்கு வந்து போனைத் தரையில் வைத்தார். பெல்ட்டுகளைச் சரிசெய்து காட்டும்வரை வண்டி ஓடக்கூடாதாம்.

"எவனோ கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்த்திருக்கான்" என்றார்.

வேறொரு நாளாக இருந்தால் ஊசி உள்ளறைக்குப் போயிருப்பாள். இன்று போகவில்லை.

"எவனும் இல்ல அத்தான். நான்தான்."

அக்காவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. அத்தான் அவளை மேலும் கீழும் பார்த்தார். "வளர்த்த கடா மார்புல பாய்ஞ்ச கதையால்ல இருக்கு. ஏறுறவங்கதான் கேட்டாங்க. பெல்ட்டு அழுக்கு, சட்டையெல்லாம் கறையாகுதுன்னு. நானா ஆசப்பட்டுச் செஞ்சேன்?"

"பன்னிரண்டுல எத்தனை பெல்ட் இழுத்தா வருது அத்தான்?"

அத்தான் சுவரைப் பார்த்தார்.

"கேக்கறாளே, சொல்லுங்க" என்றாள் அக்கா.

"ரெண்டு."

"ரெண்டா?" அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "போன ஞாயித்துக்கிழமை உங்க தங்கச்சி வீட்டுக்குப் போனப்ப நம்ம பிள்ளைங்க மூணையும் எந்த ரெண்டுல உக்கார வெச்சீங்க?"



விடிந்ததும் ஊசி மஞ்சள் மூட்டையைப் பிரித்து மிஷின் பக்கத்தில் வைத்துக்கொண்டு தையலைப் பிரிக்க உட்கார்ந்தாள். போட்ட தையல் கெட்டி. லேசில் வரவில்லை. மூன்று சட்டை முடித்து நாலாவதை எடுத்தபோது அத்தான் வாசலில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. அவள் நிமிர்ந்து பார்த்தாள், தலை குனியவில்லை. அவர் பார்வை அவள் மடியிலிருந்த கருநீல ஒட்டில் கொஞ்ச நேரம் நின்றது.

பிறகு கட்டிலுக்கடியில் குனிந்து ஸ்பேனர் பெட்டியை இழுத்து எடுத்துக்கொண்டு வண்டியை நோக்கிப் போனார்.