பதினான்காம் எண் அறையின் நீளம்

அந்த முதியோர் இல்லத்தின் பதினான்காம் எண் அறையில் கதவிலிருந்து கட்டிலுக்கு நடந்து போக இருபத்தைந்து நிமிடம் ஆகும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு முப்பத்தைந்து. வெளியே தோட்டத்தில் நின்று பார்த்தால் அதுவும் மற்ற அறைகளைப் போலப் பத்துக்குப் பன்னிரண்டு அடிதான். உள்ளே கால் வைத்தால் மட்டும் தரை போய்க்கொண்டே இருக்கும்; அதே வழவழப்பான பச்சைத் தரை, அதே பினாயில் வாசனை, வெகுதூரத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கட்டில், அதன்மேல் கோபமாக உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்மணி. நில அளவைத் துறையில் முப்பத்துநான்கு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பதால் சர்வேயரம்மா என்று அவரைக் கூப்பிட்டார்கள். எல்லைக்கல்லை அரையடி நகர்த்தச் சொன்ன மேலதிகாரியிடம், "நீங்களே நகர்த்துங்க சார், நான் போட்டோ எடுத்துக்கிறேன்" என்று சொன்னவர் அவர்.

அவர் இங்கே வந்து சேர்ந்த கதை சுருக்கமானது. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. எட்டு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அந்த எட்டு வாரத்துக்குள் அவருடைய ஒரே மகள், அம்மா இருபத்தாறு வருடம் குடியிருந்த வாடகை வீட்டைக் காலி செய்து, அலமாரியைக் கொடுக்கிற இடத்தில் கொடுத்து, சாவியை வீட்டுக்காரரிடம் ஒப்படைத்துவிட்டாள். மகள் கெட்டவள் இல்லை, அதுதான் எரிச்சல். டாக்டரைக் கேட்டாள், கணவனைக் கேட்டாள், அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரியைக்கூடக் கேட்டாள். அம்மாவைக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து புறப்பட்ட கார் வீட்டுப் பக்கம் திரும்பாமல் நேரே போனபோது சர்வேயரம்மா, "வழி மாறிட்டே" என்றார். "இல்லம்மா, சரியாத்தான் போறோம்" என்றாள் மகள். இல்லத்தின் சேர்க்கைப் படிவத்தில் 'சுபாவம்' என்ற இடத்தில், 'அனுசரித்துப் போவார்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள்.

இல்லத்தில் எந்த அறைக்கும் உள்தாழ்ப்பாள் கிடையாது. கதவைத் தட்டும் வழக்கமும் கிடையாது. மாத்திரைக்கு, சூப்புக்கு, தரை துடைக்க, படுக்கை விரிப்பு மாற்ற, சும்மா எட்டிப் பார்க்க என்று ஒரு நாளைக்குப் பதினெட்டு முறை கதவு திறந்தது. சர்வேயரம்மா உடை மாற்றிக்கொண்டிருந்தாலும் திறந்தது, அழுதுகொண்டிருந்தாலும் திறந்தது. "பாட்டிச் செல்லம், எழுந்தாச்சா?" என்று கன்னத்தைக் கிள்ளினார்கள். வேலை பார்த்த காலத்தில் எந்த நிலத்திலும் முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்காமல் சர்வேயரம்மா கால் வைத்ததில்லை. புல் முளைக்காத பொட்டல் என்றாலும் வரப்போரம் நின்று, சொந்தக்காரர் வரச் சொன்ன பிறகுதான் அளவுச் சங்கிலியை இழுப்பார். "வேண்டாம்" என்று சொன்னால் அந்த ஆட்சேபணையை ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொள்வார். இதையெல்லாம் நிர்வாகியிடம் எடுத்துச் சொல்லி, கதவைத் தட்டிவிட்டு வரச் சொல்லுங்கள் என்று கேட்டார். நிர்வாகி சிரித்தார். "இங்க எல்லாரும் ஒரே குடும்பம்மா" என்றார். "அப்போ உங்க வீட்டுக் குளியலறைக்குள்ள நான் வரட்டுமா?" என்றார் சர்வேயரம்மா. அதற்கு நிர்வாகி கோப்பில் 'சிடுசிடுப்பு' என்று எழுதிக்கொண்டார்.

ஒன்பதாம் நாள் அறை நீள ஆரம்பித்தது. சர்வேயரம்மா அதற்கு ஆச்சரியப்படவில்லை. கைப்பையில் இருந்த இரும்பு டேப்பை எடுத்து இரண்டு முறை அளந்தார். கேட்காமல் ஒருவர் உள்ளே வந்தால் ஓரடி. முதல் மாதத்திலேயே சாப்பாட்டுத் தள்ளுவண்டியின் ஒரு சக்கரம் தேய்ந்துபோனது. வருடம் முடிகிறபோது தூரம் இரண்டு கிலோமீட்டரைத் தொட்டுவிட்டது. சூப் ஆறி ஆடை படிந்து வந்தது. தச்சர் வந்து கதவைக் கழற்றி மாட்டினார். என்ஜினீயர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். டாக்டர் கோபம் அடங்குவதற்கு ஒரு மஞ்சள் மாத்திரை எழுதினார். சர்வேயரம்மா அதை ஜன்னல் வழியாகத் தோட்டத்தில் போட, அங்கிருந்த செடிகள்தான் தூங்கி வழிந்தன. அவரை ஒன்பதாம் எண் அறைக்கு மாற்றினார்கள். ஒன்பது நீண்டது, பதினான்கு சுருங்கியது. பழையபடி கொண்டுவந்து விட்டார்கள். கடைசியில் ஒன்றும் செய்ய முடியாது என்று விட்டுவிட்டு, நர்ஸுக்கு ஒரு மடக்கு சைக்கிள் வாங்கிக் கொடுத்தார்கள். சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு நர்ஸ் மாத்திரையோடு போவதும் வருவதும் வழக்கமாகிவிட்டது. "கொஞ்சம் அனுசரிச்சுப் போகக் கூடாதா?" என்று போகிற வருகிறவர்களெல்லாம் அந்த அம்மாளைத்தான் குறை சொன்னார்கள். இரண்டு கிலோமீட்டர் நாக்குத் தள்ள நடக்கத் தயாராக இருந்தவர்கள், இரண்டு விநாடி நின்று கதவைத் தட்டத் தயாராக இல்லை. இதை எழுதும்போது எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

இரண்டாம் வருடத் தொடக்கத்தில் சலவைப் பிரிவுக்கு ஒரு புதிய பெண் வேலைக்கு வந்தாள். அதற்கு முன் லாட்ஜில் வேலை பார்த்தவள், தட்டாமல் எந்த அறைக்கும் போய்ப் பழக்கமில்லை. பதினான்காம் எண் கதவைத் தட்டி, "துணி கொண்டாந்திருக்கேன், உள்ள வரலாமாங்க?" என்றாள். வெகுதூரத்தில் இருக்க வேண்டிய குரல், கதவுக்கு அந்தப் பக்கமே நிற்பதுபோல், "வேண்டாம்" என்றது. "சரிங்க" என்று அவள் துணியோடு திரும்பிப் போய்விட்டாள். மறுநாளும் வேண்டாம் என்றது, அவளும் போய்விட்டாள். மூன்றாம் நாள் "வா" என்றது. கதவைத் திறந்தாள், எட்டு எட்டில் கட்டில் இருந்தது. துணியை மடித்து வைத்து, இரண்டு வார்த்தை பேசிவிட்டு வெளியே வந்த பிறகும், அவளுக்கு முன்னால் உள்ளே போன நர்ஸ் பாதி வழியில் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தாள்.

விஷயம் தெரிந்ததும் எல்லோரும் தட்டினார்கள். தட்டியவுடன் பதிலுக்கு நிற்காமல் திறந்தவர்களுக்குத் தூரம் குறையவில்லை. மேலும் ஓரடி கூடியது. நின்றார்கள். வேண்டாம் என்றபோது திரும்பிப் போகவும் பல்லைக் கடித்துக்கொண்டு கற்றார்கள். மூன்று மாதத்தில் சூப் சூடாக வந்தது, சைக்கிளை விற்றுவிட்டார்கள். மகள் மட்டும் கேட்கவில்லை. "எங்கம்மா ரூமுக்கு நான் எதுக்குத் தட்டணும்? நான் என்ன வெளியாளா?" என்று நிர்வாகியிடம் எகிறினாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் பழப்பையைத் தூக்கிக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் நடந்து, வியர்த்து வழிந்து போய்ச் சேர்ந்து, முகம் கொடுத்துப் பேசாத அம்மாவின் பக்கத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு, இரண்டு கிலோமீட்டர் திரும்பி நடந்தாள். இப்படி இன்னொரு வருடம் போனது. மகளுக்கும் ஐம்பத்துமூன்று வயது, முழங்காலில் உறை மாட்ட ஆரம்பித்திருந்தாள்.

ஒரு ஞாயிறு அவள் கதவைத் தட்டினாள்.

"யாரு?"

"நான்தாம்மா. உள்ள வரலாமா?"

"வேண்டாம்."

மகளுக்கு முகம் சிவந்துவிட்டது. கைப்பிடியில் கை வைத்தாள், எடுத்தாள். பழப்பையைக் கதவோரம் வைத்துவிட்டுப் போனாள். அடுத்த ஞாயிறும் வேண்டாம். அதற்கடுத்த ஞாயிறும் வேண்டாம். நான்காம் ஞாயிறு அவள் உள்ளே வரலாமா என்று கேட்கவில்லை. கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு, "அம்மா, வீட்டைக் காலி பண்ணலாமா?" என்றாள்.

அந்த வீட்டில் வேறு குடும்பம் வந்து இரண்டு வருடத்துக்கு மேலாகிறது. நடைபாதையில் போய்க்கொண்டிருந்த சலவைப் பெண் அப்படியே நின்றுவிட்டாள்.

"கூடாது" என்றார் சர்வேயரம்மா. "அலமாரியத் தொடாதே. சாவியக் கொடுக்காதே. நான் நடந்து வருவேன். மெதுவா வருவேன், ஆனா வருவேன். எனக்கு என் வீடுதான் வேணும்." குரல் உடைந்தது. "யாரக் கேட்டுடி செஞ்சே?"

டாக்டர் சொன்னதை, மாடிப்படி இருப்பதை, தன் வேலையை, நடந்தது நடந்துவிட்டது என்பதை மகள் சொல்லியிருக்கலாம். தொண்டை வரை வந்தது.

"உன்னக் கேக்கலம்மா" என்றாள்.

"எழுதிக்கோ."

மகள் கைப்பையைக் கிளறி, பழக்கடை ரசீதின் பின்பக்கத்தில் அம்மா சொன்ன ஆட்சேபணையை ஒரு வார்த்தை விடாமல் எழுதினாள். எழுதியதைக் கதவருகே நின்று வாசித்துக் காட்டினாள். தேதி போடச் சொன்னார், போட்டாள். அதன் பிறகுதான் உள்ளே இருந்து "வா" என்று வந்தது.

கட்டில் நாற்பதடி தூரத்தில் இருந்தது. சர்வேயரம்மா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தார். மகள் பழப்பையை எடுத்துக்கொண்டு அந்த நாற்பதடியையும் நடந்தாள்.