ஒவ்வொன்றிலும் ஒன்று அதிகம்

ஓடி வந்துவிட்டேன், அக்கா. கணக்கு சார் கேட்டதற்குப் பதில் சொல்லாமல், புத்தகப் பையைக்கூடப் பள்ளி வராந்தாவிலேயே போட்டுவிட்டு ஓடி வந்துவிட்டேன். உனக்கு இன்றைக்கும் நைட் ஷிஃப்ட்தானே? வார்டு அடங்கியதும் இதைப் படி. அம்மாவிடம் மட்டும் மூச்சு விடாதே.

சீக்கிரம் படித்து முடிக்கிறவர்களுக்கு எங்கள் பள்ளியில் தனி வகுப்பு தொடங்குகிறார்கள் என்று சொன்னேன் இல்லையா? இருபது இடம். அதற்கு வைத்த கணக்குத் தேர்வில் நான் தேறவில்லை. பஞ்சு தேறிவிட்டாள். ஆமாம், என் பக்கத்தில் உட்காருகிறாளே, அதே பஞ்சுதான். கடைசி இடம் அவளுக்கு.

நான் வேண்டுமென்றேதான் தப்பாக எழுதினேன். நான் போய்விட்டால் அவள் தனியாக உட்கார்ந்து முழிப்பாள் என்று நினைத்தேன். அவளோ, நான் எப்படியும் தேறிப் போய்விடுவேன் என்று நினைத்து, என்னிடம்கூடச் சொல்லாமல் விழுந்து விழுந்து படித்திருக்கிறாள். முடிவு தெரிந்ததும் என் தோளில் குத்தினாள். "உன்கூட இருக்கலாம்னுதானேடி இந்தப் பாடு பட்டேன்! நீ எங்கடி போய்த் தொலைஞ்ச?" அழுதுகொண்டே குத்தினாள்.

இன்று சாயங்காலம் பெற்றோர் கூட்டம். தலைமை ஆசிரியை பேசி முடிப்பதற்குள் அம்மா எழுந்துவிட்டாள். கேன்டீனிலிருந்து நேராக வந்ததால் தலையில் வலைத்தொப்பி அப்படியே இருந்தது.

"என் பொண்ணு கணக்குல பெயிலுன்னா, பெயிலானது உங்க பரீட்சைங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு பெஞ்சுக்கு அடியில் போய்விடலாம் போலிருந்தது.

சைக்கிள் கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "ஓடுற பிள்ளைக்குத் தனி ரூம், தனி டீச்சர். தடுமாறுற பிள்ளைக்கு? என் பையன் இருக்கிற கிளாஸுக்கு இனிமே மக்கு கிளாஸுன்னுதானே பேரு?"

"அப்படிப் பேர் வைக்க விட மாட்டோம்ங்க," என்றார் தலைமை ஆசிரியை.

"உங்களைக் கேட்டா வைக்கப் போறாங்க?"

அப்போது பஞ்சுவின் அப்பா எழுந்தார். தையல்காரர்; கூட்டத்தில் வாய் திறக்காத மனிதர். அளவு டேப் கழுத்திலேயே கிடந்தது. "எல்லாருக்கும் ஒரே அளவுல தைச்சா சில பேருக்கு இறுக்கும், சில பேருக்குத் தொளதொளன்னு நிக்கும். அளவெடுத்துத் தைக்கிறதுல என்னங்க தப்பு?"

"தாராளமா அளவெடுங்க. துணி இருபது பேருக்குத்தானே வெச்சிருக்காங்க?" என்றார் சைக்கிள் கடைக்காரர்.

தலைமை ஆசிரியை கூட்டத்தை அத்தோடு முடித்துவிட்டார்.

கலைந்தபோது பஞ்சுவின் அப்பா என் தலையைத் தொட்டார். "வருஷம் பூரா கிளாஸ்ல நீ சொல்லிக் குடுத்துதாம்மா இவ பாஸானா. உனக்குக் கிடைக்கலையேன்னு வீட்ல யாருக்கும் சோறே எறங்கல."

வெளியே வந்தால் வராந்தாவில் கணக்கு சார்.

"உன் பேப்பரைத் திரும்பப் பார்த்தேன்," என்றார் மெதுவாக. "பதினேழு வர்ற இடத்துல பதினெட்டு. நாப்பதுக்கு நாப்பத்தொண்ணு. தப்பான விடை எல்லாத்துலயும் சரியா ஒண்ணு அதிகம். கணக்குத் தெரியாதவங்க இவ்வளவு ஒழுங்காத் தப்புப் பண்ண மாட்டாங்கம்மா."

வாய்க்கு வந்த ஏதோ ஓர் எண்ணை எழுத எனக்கு மனசு வரவில்லை, அக்கா; சரியான விடையோடு ஒன்றைக் கூட்டி எழுதினேன். அதுதான் வினையாகிவிட்டது.

"வருஷம் பூரா பாடத்தைச் சீக்கிரம் முடிச்சுட்டு ஜன்னலையே பார்த்துட்டு உட்கார்ந்திருக்க. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்த வகுப்பையே கேட்டு வாங்கினேன். வேணும்னுதான் எழுதினேன்னு நாளைக்கு ஒரு வார்த்தை சொல்லு. சேர்த்துக்கலாம்."

"இடம் இருபதுதானே, சார்?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கடைசி ஆள் பழைய கிளாஸுக்கு வரணும்."

"இருபத்தொண்ணு ஆக்கக் கூடாதா?"

"கேட்டேன். முடியாதுன்னுட்டாங்க. நீ சொல்லு. வேணும்னு எழுதினியா, இல்லையா?"

அப்போதுதான் ஓடினேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த வகுப்பில் இப்படித்தான் கணக்கு இருக்கும் என்று மாதிரிக்கு ஒன்றைக் கூட்டம் நடந்த அறையின் கரும்பலகையில் எழுதி வைத்திருந்தார்கள். பெரியவர்கள் சண்டையில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. நான் பார்த்தேன். எனக்கு விடை வரவில்லை, அக்கா. ஒரு கணக்கு எனக்கு மசியாமல் நின்று எத்தனை காலமாயிற்று! அவ்வளவு ஆசையாக இருந்தது. இப்போதும் போர்வைக்குள் அதைத்தான் போட்டுப் பார்க்கிறேன்.

நாளைக்கு சார்முன் 'இல்லை' என்று சொன்னால் மறுபடி ஜன்னல்தான். 'ஆமாம்' என்றால் பஞ்சு வெளியே. அவளிடமே சொல்லிவிடலாம் என்றால், அவளைத் தெரியாதா? "போடி, நீயே போ" என்று சிரித்துக்கொண்டே எழுந்துவிடுவாள். அப்புறம் அவள் எழுந்த இடத்தில் நான் எப்படி உட்காருவேன், அக்கா?