பள்ளத்திலிருந்து ஏறி வந்த ஜீப்பு

ஞானதுரையைக் கொன்ற ஜீப்பு, மழைக்கு மழை இரண்டு முழம் மூன்று முழமாகப் பள்ளத்திலிருந்து ஏறி வந்து, ஐம்பத்தேழாம் வருஷம் ஐப்பசியில் போடிமெட்டு ரோட்டைத் தொட்டது. யாரும் வாயைப் பிளக்கவில்லை. மலையிலிருந்து இறங்கும் பஸ் டிரைவர்கள், ஏலக்காய் விலை சொல்லும் மூச்சிலேயே, வண்டி எந்தப் பாறை வரை வந்திருக்கிறது என்பதையும் ஞானதுரையின் மனைவி சாராளிடம் வருஷக்கணக்காகச் சொல்லி வந்தார்கள். சாராள் விலையை மட்டும் காதில் வாங்கிக்கொள்வாள். கடையும் அவள் தலையில், மகனும் அவள் தலையில். பாறைக் கதைக்கு அவளுக்கு ஏது நேரம்?

வண்டி விழுந்தபோது ஞானதுரையின் உடம்பு கிடைக்கவில்லை. வெறும் பெட்டியைப் புதைக்க மனம் வராமல், அவர் எடைக்கு முதல்தர ஏலக்காயை நிரப்பிக் கல்லறைத் தோட்டத்தில் இறக்கினார்கள். காய் வியாபாரிக்கு இதைவிட என்ன மரியாதை என்று போடியில் பேசிக்கொண்டார்கள். புருஷனைப் புதைத்தோமா சரக்கைப் புதைத்தோமா என்று தெரியாமல் சாராளுக்கு அன்றைக்கு அழுகையே வரவில்லை.

மகன் ஐசக்குக்குப் பதினெட்டு முடிந்து லைசென்சும் கைக்கு வந்ததும், எஸ்டேட்டிலிருந்து காய் இறக்கச் சொந்த வண்டி வேண்டுமென்றான். நியாயந்தான். மதுரையில் பட்டாளம் கழித்துவிட்ட ஜீப்புகள் வரிசையாக நின்றன. எதை வேண்டுமானாலும் எடு என்றாள் சாராள். அவனோ அத்தனையையும் விட்டுவிட்டு, போடிமெட்டு மேட்டில் சேறு அப்பி நின்ற அந்த ஜீப்பைத்தான் கேட்டான்.

"அப்பனத் தின்ன வாய்க்கு மகனையும் ஊட்டச் சொல்றியா?" என்றாள் சாராள்.

"நம்மளத் தேடி மலையேறி வந்துருக்குத்தா. வேற எந்த வண்டி வரும்?" என்றான் அவன்.

உபதேசியாரைத் தூது அனுப்பினான். தாய்மாமன் தங்கபாண்டியனை அனுப்பினான். ஒருதரம் விழுந்த வண்டி மறுதரம் விழாது என்று அவர் சத்தியம் செய்தார். அப்பனுக்குப் பிறகு பிள்ளையைக் கொண்டுபோகத்தான் அது ஏறி வந்திருக்கிறது என்பதில் சாராளுக்குச் சந்தேகமே இல்லை. பெற்ற மனம் பித்து. ஒருநாள் மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு, வண்டியைக் கொளுத்திவிடப் பஸ் ஏறினாள். ஐசக்கும் பின்னாலேயே ஓடிவந்து ஏறிக்கொண்டான்.

மேட்டில் சாரல். ஜீப்பு முழுக்க நனைந்திருந்தது, டிரைவர் சீட்டு மட்டும் காய்ந்திருந்தது. சாராள் கை வைத்துப் பார்த்தாள். இப்போதுதான் ஆள் எழுந்து போனதுபோல் வெதுவெதுப்பாக இருந்தது. டின்னைக் கீழே வைத்துவிட்டு, கல்லறையில் வராத அழுகையை ரோட்டில் உட்கார்ந்து அழுது தீர்த்தாள்.

"எடுத்துக்க அப்பு. ஆனா அந்த சீட்டுல மட்டும் உக்காந்துறாத. அங்க ஆள் இருக்கு."

அன்றிலிருந்து ஐசக் பக்கத்து சீட்டில் உட்கார, ஜீப்பு மலை ஏறி இறங்கியது. வளைவுகளில் ஸ்டீயரிங் தானே திரும்பியது. செக்போஸ்டில் டிரைவர் எங்கே என்று கேட்டால் ஐசக் தன் லைசென்சை நீட்டுவான். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள். எஸ்டேட் ஆட்கள் பயமில்லாமல் ஏறினார்கள். கூட்டாளிப் பையன்கள் மட்டும் அவனை 'லோடு' என்று கூப்பிட்டார்கள். அது அவனை அறுத்தது. மீசை முளைத்தும் சொந்த வண்டியின் ஸ்டீயரிங்கைத் தொட்டதில்லையே.

"ஒருநா மட்டும் நான் ஓட்டுறேன்த்தா" என்று கடைசியில் சாராள் முன்னால் வந்து நின்றான்.

"எங்கிட்ட ஏன் கேக்குற? ஒங்கப்பாகிட்டக் கேளு."

காலியாக இருந்த சீட்டின் முன்னால் நின்று, தலையைக் குனிந்து கேட்டான். அன்றைக்கு ஜீப்பு கிளம்பவில்லை. மறுநாளும் கேட்டான், கிளம்பவில்லை. மேலே எஸ்டேட்டில் காய் கிடந்து பூசணம் பிடித்தது. அதற்கு அடுத்த நாள், ஒன்றும் கேட்காமல் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தான். ஜீப்பு கிளம்பியது.