அறையின் முதல் மூச்சு

மூச்சு அளக்கும் அறையில் தினமும் முதலில் ஊதுகிறவள் அவள்தான். நல்ல நெஞ்சுள்ள ஒருத்தி காலையில் ஊதிப் பார்த்தால்தான் கருவி ஒழுங்காக அளக்கிறதா என்று தெரியும். அது பிசகினால் டாக்டரும் பிசகுவார். நோய் இல்லாதவனுக்கு மருந்து கொடுப்பார், இருப்பவனைத் தட்டிக்கொடுத்து வீட்டுக்கு அனுப்புவார். ஆகவே டெக்னீஷியனான அவளுடைய நுரையீரல்தான் அங்கே எடைக்கல். எனக்குச் சம்பளமே இந்த நெஞ்சுக்குத்தான் என்று பீற்றிக்கொள்வாள்.

கொஞ்ச நாளாகக் கருவி அவளுக்குக் குறைத்தே போட்டது. அவளும் விடவில்லை. குழாயை மாற்றினாள், வடிகட்டியை மாற்றினாள், கம்பெனி ஆளை வரவழைத்து அவன் உயிரை வாங்கினாள். அவன் காற்றை அளந்து தள்ளும் பம்பைப் பொருத்திக் காட்டி, கருவியில் கோளாறே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனான். அவன்மேல் அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. எண்ணோடு இத்தனை சண்டை போட்டவள், திரையில் ஓடும் கோட்டின் பக்கம் மட்டும் கண்ணைக் கொண்டுபோகவில்லை.

அவளுடைய அம்மா உயிரோடு இருந்தபோது வீட்டு மாடிப்படித் திருப்பத்தில் நின்று கைப்பையில் சாவியைத் தேடுவாள். சாவி கையிலேயே இருக்கும். மூச்சு வாங்குகிறது என்று வாய் திறந்து சொன்னதேயில்லை. கடைசியில் இந்த அறையில் நோயாளிகள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து ஊதினாள். கோடு ஏறி, நேராக இறங்க வேண்டிய இடத்தில் குழிந்துபோனது. அம்மா பார்க்க வேண்டாம் என்று மகள் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். அம்மா போன பிறகும் இருமல் வீட்டிலேயே தங்கிவிட்டது. குழாயைத் திறந்தால் தண்ணீருக்கு முன்னால் அதுதான் வருகிறது. நேற்று சாயங்காலம் அதே திருப்பத்தில் நின்று அவளும் சாவியைத் தேடினாள். சாவி கையில்தான் இருந்தது.

இன்று டாக்டர் வந்ததும், அவரை ஒருமுறை ஊதச் சொன்னாள். அவளைவிடச் சின்னவர், சிரித்துக்கொண்டே ஊதினார். அவருக்கு வர வேண்டிய அளவு அப்படியே வந்தது.

"மெஷின் சரியாத்தானே இருக்கு?" என்றார்.

"மெஷின் சரியாத்தான் சார் இருக்கு."

அவர் சிரிப்பை நிறுத்தி அவளைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்கக்கா. நான் பாக்கறேன்."

தினமும் நின்றபடியே ஊதிவிடுவாள்; இத்தனை வருஷத்தில் அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்ததில்லை. மூக்கில் கிளிப்பை மாட்டிக்கொண்டு ஊதினாள்.

"விடாதீங்க. இன்னும்... இன்னும் இருக்கு, ஊதுங்க."

அம்மாவுக்கு அவள் சொன்ன அதே வார்த்தைகள். முதல்முறையாகத் தன் கோட்டைப் பார்த்தாள். அது விறுவிறுவென்று ஏறியது. இறங்கத் தொடங்கியது. நெஞ்சில் மிச்சம் இருந்ததையெல்லாம் திரட்டி அவள் ஊதிக்கொண்டிருக்கும்போதே, டாக்டரின் கை நீண்டு திரையை மெல்ல அவர் பக்கம் திருப்பியது.