மரப்பு விடாத உதடு

மாரித்தாய் கேட்டது கழட்டி மாட்டும் பல்தான். பட்டாசுக் கம்பெனியில் திரி சொருகும் வேலை அவளுக்கு. கீழ்த்தாடையில் இடப்பக்கம் ஒரு பல்லைப் பிடுங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது. வாயைத் திறந்தால் ஓட்டை தெரிகிறது, அதை அடைத்தால் போதும் என்றாள்.

பல் டாக்டர் ஸ்ரீமதிதான் விடவில்லை. சாத்தூரில் கிளினிக் வைத்து ஏழு வருஷம் ஆகியும் தாடை எலும்பில் திருகாணி பதித்து அதன்மேல் பல் வைக்கும் இம்ப்ளான்ட் ஒன்று கூட அவள் போட்டதில்லை. கேட்டு வருகிறவர்களை விருதுநகருக்கோ மதுரைக்கோ அனுப்பிவிடுவாள். கூடப் படித்தவர்களெல்லாம் போடுகிறார்களே என்ற குறுகுறுப்பில் மதுரையில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய், பிளாஸ்டிக் தாடையில் நான்கு திருகாணிகளை முடுக்கிப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். எலும்பிலேயே பதிக்கிற பல், ஆயுசுக்கும் ஆடாது, சாமான் செலவை மட்டும் கொடுத்தால் போதும் என்று மாரித்தாயிடம் சொன்னாள். இதுதான் முதல் தடவை என்பதைச் சொல்லவில்லை.

எலும்பின் ஆழம் பார்க்கும் ஸ்கேன் எடுக்க மதுரைக்குப் போகவேண்டும். சீசன் நேரத்தில் லீவு கிடைக்காது என்றாள் மாரித்தாய். சின்ன எக்ஸ்ரே போதும் என்று ஸ்ரீமதியும் தன்னைத் தேற்றிக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் திருகாணியைப் பதித்தாள். வேலை முடிந்ததும் படமெடுத்து நண்பர்களுக்கு அனுப்பினாள்.

மறுநாள் மத்தியானம் மாரித்தாய் போன் செய்தாள்.

"டாக்டரம்மா, மரப்பு ஊசி இன்னும் விடலையே. உதடு இருக்கா இல்லையான்னே தெரியல."

கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்பைத் திருகாணி அழுத்தினால் இப்படி ஆகும், உடனே எடுத்துவிட வேண்டும் என்று பயிற்சியில் சொன்னது ஸ்ரீமதிக்கு நினைவில் இருந்தது. ஆனால் முதல் வேலையைத் தானே பிடுங்கிப்போட மனம் வரவில்லை. சில பேருக்கு நாலு நாள் ஆகும், பயப்படாதீங்க என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பத்தாம் நாள் மதுரைக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தாள். திருகாணி நரம்பின் மேலேயே உட்கார்ந்திருந்தது. அங்கிருந்த டாக்டர் எடுத்துவிட்டார். மறுநாளே எடுத்திருந்தால் உணர்ச்சி திரும்பியிருக்கும் என்று ஸ்ரீமதியிடம் மட்டும் தனியாகச் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில், ஸ்ரீமதி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். முதல் தடவை என்பதையும், போன் வந்தபோதே தெரியும் என்பதையும். மாரித்தாய் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். திருமங்கலம் தாண்டிய பிறகுதான் பேசினாள்.

"நான் கழட்டி மாட்டுற பல்லுதான கேட்டேன். நீங்கதான ஆசையா சொன்னீக."

சாத்தூரில் இறங்கி, சொல்லிக்கொள்ளாமல் போனாள். ஸ்ரீமதி அதன்பின் பலமுறை போன் செய்தாள். அவள் எடுக்கவில்லை.

தீபாவளி கழிந்து, அதே கம்பெனியில் வேலை பார்க்கும் வெள்ளைத்தாய் கடைவாய்ப்பல் வலி என்று வந்தாள். ஸ்ரீமதி தயங்கித் தயங்கி மாரித்தாயைப் பற்றி விசாரித்தாள்.

"அவளா? முன்னெல்லாம் எங்க கூடத்தான் சாப்பிடுவா. இப்ப செவுத்தைப் பாத்து உக்காந்துக்கிறா. குழம்பு வழிஞ்சாக் கூடத் தெரிய மாட்டேங்கு. சூடா டீயைக் குடிச்சு உதடு வெந்து போச்சு, அதுவும் தெரியல. என்னாச்சுன்னு கேட்டா வாயே தொறக்க மாட்டேங்கா."

யாரிடமும் சொல்லவில்லை என்பதைக் கேட்டதும் ஸ்ரீமதிக்கு முதலில் வந்தது நிம்மதிதான். அந்த நிம்மதியை நினைத்து அவளுக்கே கூசியது. கையிலிருந்த ஊசியைத் தட்டில் வைத்தாள்.

"அது என்னாலதாங்க்கா ஆச்சு. நான் போட்ட பல்லாலதான்."

வெள்ளைத்தாய் நாற்காலியிலிருந்து மெல்ல இறங்கி, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். வலி கொஞ்சம் மட்டுப்பட்டிருக்கு, இன்னொரு நாள் வாரேன் என்று செருப்பை மாட்டினாள்.