சியேறா சியேறா ஹோட்டல்

தொலைபேசியின் மேல் ஒரு கடதாசி ஒட்டியிருந்தது: "தூக்க வேண்டாம் – நஃப்லா." அந்தக் கம்பி வழியாகத்தான் கோப்பு இறங்கிக்கொண்டிருந்தது. யாராவது றிசீவரைத் தூக்கினால் இணைப்பு அறுந்து, காலையிலிருந்து வந்ததெல்லாம் வீணாகிவிடும். அலுவலகப் பொறுப்பாளர் பரமலிங்கம் அவசரமாக ஒரு கோல் எடுக்க வேண்டியவர். கதிரையை இழுத்து மேசைக்கு முன்னால் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்.

"இன்னும் எவ்வளவு பிள்ளை?"

"கால்வாசி, சேர்."

"முந்தியும் கால்வாசி எண்டுதானே சொன்னனீங்கள்."

"அது வந்த கால்வாசி. இது வரவேண்டிய கால்வாசி."

பரமலிங்கம் சிரிக்காமலிருக்கப் பார்த்து, முடியாமல் மீசையைத் தடவிக்கொண்டார்.

ஏ-9 பாதை திறந்த அடுத்த வருடத்துப் புரட்டாதி மாதம். வவுனியா வெயில் அலுவலகத்தின் தகரக் கூரையில் அடித்துக்கொண்டிருந்தது. வன்னிக் கிராமங்களுக்கு மருந்தும் மருத்துவிச்சிகளும் அனுப்பும் ஒரு நிறுவனத்தின் கிளை அது. நஃப்லா அங்கே கொம்பியூட்டர்களைப் பார்ப்பவள். சிறுவயதில் முல்லைத்தீவை விட்டுப் புறப்பட்டு, புத்தளத்தில் வளர்ந்து, வாப்பா மஹ்றூப் வவுனியாவில் புடைவைக்கடை போட்டபோது அவரோடு வந்தவள்.

தூரத்து சேர்வர் ஒன்றுக்குள் இருந்த இடத்திலிருந்தே நுழைந்து வேலை செய்ய ஒரு மென்பொருள் இருந்தது. சரியான பாஸ்வேட் கொடுத்தவருக்கு மட்டும் கதவு திறக்கும். அந்தக் கதவிலேயே ஓட்டை இருக்கிறதென்று காலையில் கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது. பாஸ்வேட் தெரியாதவனும் அதற்குள்ளால் புகுந்துவிடலாம். நாலு மணிக்குள் எல்லாக் கிளைகளும் திருத்தக் கோப்பை இறக்கி ஓட்டையை அடைக்க வேண்டும். அடைக்காத சேர்வரின் இணைப்பைக் கொழும்பே துண்டித்துவிடும்.

வவுனியா சேர்வர் பக்கத்து அறையில் இருந்தது. அது நஃப்லாவுக்குப் பெரிய காரியமில்லை. அவளுடைய யோசனை முழுக்க மல்லாவியில்.

வன்னிக் காட்டுக்குள் இருந்த மல்லாவிக் கிளைக்குத் தொலைபேசி இல்லை. கூரையில் ஒரு டிஷ் வைத்து, செய்மதி வழியாகத்தான் அந்தச் சேர்வர் வெளியுலகத்தோடு சேர்ந்திருந்தது. மருத்துவிச்சிகளின் அறிக்கைகள், மருந்து ஓடர்கள் எல்லாம் அந்த ஒரு கதவால்தான் போய் வந்தன. காட்டுக்குள் எதற்கு ஒரு சேர்வர் என்று கொழும்பு பல தடவை கேட்டிருந்தது. ஒருதரம் துண்டித்தால் பிறகு பெட்டியைக் கழற்றி வவுனியாவுக்கு ஏற்றச் சொல்வார்கள். அப்படி நடந்தால் மல்லாவியில் மற்றக் கிளைகளோடு கதைக்கும் வானொலிச் செற்றைப் பார்க்கும் விமலேஸ்வரிக்கு அரை நாள் வேலைதான் மிஞ்சும். சேர்வர் அறையையும் பார்ப்பதால்தான் அவளுக்கு முழு நாள் கூலி. புருஷன் யோகலிங்கம் வவுனிக்குளத்துத் தண்ணீரை நம்பி வயல் செய்பவர். அந்த வருடம் குளத்தில் தண்ணீர் குறைவு.

கோப்பு வந்து முடிந்ததும் பரமலிங்கம் கடதாசியைக் கிழித்துவிட்டு றிசீவரை எடுத்தார். நஃப்லா வவுனியா சேர்வரை அடைத்தாள். பிறகு மல்லாவிக்குள் நுழைந்து, கோப்பை அனுப்பி, புதிய கதவைப் பொருத்தத் தொடங்கினாள். தான் நிற்கும் வாசலின் கதவைத் தானே மாற்றும் வேலை. திரையில் பழைய ஜன்னலை மூடாமல் வைத்துக்கொண்டு, புதிய கதவு திறக்கிறதா என்று இன்னொரு ஜன்னலால் பார்க்க வேண்டும். அவள் அப்படித்தான் செய்துகொண்டிருந்தாள். நடுவில் மல்லாவி ஜெனறேற்றர் நின்றுபோனது. திரையில் எழுத்துகள் உறைந்தன.

சற்று நேரத்தில் ஜெனறேற்றர் திரும்ப ஓடி, சேர்வரும் எழும்பியது. கதவு மட்டும் திறக்கவில்லை. எத்தனை தரம் தட்டியும் மறுத்தது.

"சேர், வெளியில நிண்டிட்டன்" என்றாள் நஃப்லா.

"ஆர்?"

"நான்தான். மல்லாவிக்கு வெளியில."

பரமலிங்கம் மணிக்கூட்டைப் பார்த்தார். பிக்கப்பில் புறப்பட்டால் ஓமந்தையில் ஒரு சோதனை, புளியங்குளத்தில் இன்னொன்று, அதன்பிறகு மாங்குளத்தால் திரும்பிப் புழுதி ரோட்டு. நாலு மணிக்குப் போய்ச் சேர வழியில்லை. நஃப்லா எழும்பி மூலையில் இருந்த வானொலிச் செற்றுக்குப் போய் மைக்கை எடுத்தாள்.

"மல்லாவி, மல்லாவி. வவுனியா கதைக்குது. விமலாக்கா, நிக்கிறீங்களோ? ஓவர்."

"மல்லாவி நிக்குது. சொல்லுங்கோ தங்கச்சி. ஓவர்."

"அக்கா, சேர்வருக்கு முன்னால இருக்கிற கதிரையில உங்களை இருத்தப்போறன். ஓவர்."



"நான் அதுக்குப் புழுதி துடைக்கிறதோட சரி, பிள்ளை. ஓவர்."

"இண்டைக்குத் துடைக்கேக்க விரலைக் கொஞ்சம் அமத்தப்போறீங்கள், அவ்வளவுதான். ஓவர்."

மல்லாவிச் செற்றின் வயர் சேர்வர்வரை எட்டும். விமலேஸ்வரி மைக்கை மடியில் வைத்துக்கொண்டு கீபோட்டுக்கு முன்னால் உட்கார்ந்தாள். திரை முதலில் பாஸ்வேட் கேட்டது. நஃப்லா மைக்கை வாய்க்குக் கொண்டுபோய், பொத்தானை அமத்தாமல் நிறுத்தினாள். அந்த அலைவரிசையில் நிறுவனத்தின் எல்லா வாகனங்களும் எல்லாக் கிளைகளும் காது கொடுத்திருந்தன.

"அக்கா, அதைச் செற்றில சொல்லேலாது. போன வருசம் நான் உங்கட வீட்டில நிண்டனான் எல்லோ? அப்ப என்ர துப்பட்டாவைத் திண்டவவின்ர பேர். சின்ன எழுத்தில. ஓவர்."

மல்லாவியிலிருந்து ஒரு சிரிப்பு வெடித்து வந்தது. "விளங்கிச்சு, விளங்கிச்சு. ஓவர்."

"பேருக்குப் பிறகு ஒரு இலக்கம். அந்த முறை அவ எத்தினை குட்டி போட்டவவோ, அது. ஓவர்."

"ஒண்டு செத்துப்போச்சே. செத்ததையும் சேத்தோ? ஓவர்."

"உயிரோட இருக்கிறதை மட்டும். ஓவர்."

விமலேஸ்வரி வீட்டு வெள்ளாட்டின் பேரும் அதன் குட்டிக் கணக்கும் வன்னியில் வேறெந்தக் கிளைக்கும் தெரியாது. சேர்வர் திறந்தது. இடையில் இன்னொரு குரல் புகுந்தது; சோதனை வரிசையில் நின்ற நிறுவனத்துப் பிக்கப் சாரதி.

"புளியங்குளத்திலயிருந்து பாலன். தங்கச்சி, துப்பட்டா திண்டது ஆர்? ஓவர்."

பரமலிங்கம் எட்டி மைக்கைப் பறித்தார். "பாலன், வரிசையில நிக்கிறாய் எண்டால் பேசாமல் நில்! ஓவர்."

கதவு ஏன் திறக்க மறுக்கிறதென்று முதலில் அறிய வேண்டும். அதைக் கிளப்பும் கட்டளையை நஃப்லா சொன்னாள். கடைசிச் சொல்லில் எழுத்துகள் மாறிவிடக்கூடாது.

"எஸ், எஸ், எச், டி. ஓவர்."

"எஃப்போ எஸ்ஸோ? செற்றில ரெண்டும் ஒண்டுதான் தங்கச்சி. ஒழுங்காச் சொல்லுங்கோ. ஓவர்."

"எஸ் அக்கா. சோடாவுக்கு வாற எஸ். ஓவர்."

"சோடாவும் வேண்டாம் பீடாவும் வேண்டாம். நான் சொல்லுறன், சரியோ எண்டு பாருங்கோ. சியேறா, சியேறா, ஹோட்டல், டெல்ற்றா. ஓவர்."

இரைச்சலில் எழுத்து மாறாமலிருக்க, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சொல்; செற் பயிற்சியில் படித்த பாடம். விமலேஸ்வரி நாளும் வாகன இலக்கங்களை அப்படித்தான் ஒப்புவிப்பாள். நஃப்லாவுக்கு அது தெரியாது. எழுத்துகளை விரல்விட்டு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, "சரி அக்கா, அதேதான்!" என்றாள்.

"பாலன் கதைக்கிறன்" என்றது செற். "சியேறா ஹோட்டல் எங்க இருக்கு? மாங்குளத்திலயோ? எனக்கும் இன்னும் சாப்பாடு இல்லை. ஓவர்."

இந்த முறை பரமலிங்கமே சிரித்துவிட்டார்.

விமலேஸ்வரி என்ரர் தட்டியதும் திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது. அதை அவள் எழுத்தெழுத்தாக வாசித்தாள். நஃப்லாவுக்கு எழுதி முடிக்குமுன்பே புரிந்துவிட்டது. அமைப்புக் கோப்பில் பழைய காலத்து வரி ஒன்று கிடக்கிறது. புதிய மென்பொருளுக்கு அது விளங்கவில்லை. விளங்காததைக் கண்டதும் முரண்டுபிடித்து நிற்கிறது.

கோப்பைத் திறந்து, அந்த வரிக்கு இறங்குவது வரை சுகமாகப் போனது. பிறகு, "நான் அடிக்கிறது ஒண்டும் விழுகுதில்லை. ஓவர்" என்றாள் விமலேஸ்வரி.

"ஐயோ, மறந்திட்டன். முதல்ல ஐ எழுத்தை ஒருக்கா அமத்துங்கோ. ஓவர்."

"இண்டியா. சரி. ஓ, இப்ப விழுகுது. இண்டியாவைக் கேட்டாப் பிறகுதான் எங்களை எழுத விடுது. ஓவர்."

எங்கோ ஒரு கிளையில் யாரோ மைக்கை அமத்தியபடியே விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம் கேட்டது.

"அக்கா, மூண்டுக்கு மேல ஒரு குறி இருக்கும். கதியால் வேலி மாதிரி, ரெண்டு நெட்டு, ரெண்டு குறுக்கு. அதை அந்த வரியின்ர முன்னுக்குப் போடுங்கோ. வேலி போட்டால் அது அந்த வரியை வாசிக்காமல் தாண்டிப் போயிடும். ஓவர்."

"வேலி போட்டாச்சு. ஓவர்."

"சேமிச்சு வெளியில வாங்கோ. திரும்பவும் உங்கட ஹோட்டல். ஓவர்."

மல்லாவி அறையில் மருத்துவிச்சிகள் இரண்டு பேர் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். வெளியே ஜெனறேற்றர் இரைந்தது. விமலேஸ்வரி சேலைத் தலைப்பால் விரல்களைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டினாள். சிவப்பு வரி வரவில்லை. ஒரு பச்சைச் சொல் வந்தது.

"ஓகே எண்டு கிடக்கு. ஆஸ்கர், கிலோ. ஓவர்."

நஃப்லா தன் கொம்பியூட்டருக்கு ஓடினாள். மல்லாவியைக் கூப்பிட்டாள். திரையில் கோடு ஒன்று துடித்துத் துடித்து நின்றது. செய்மதிக்கு ஏறி இறங்க அதற்கு நேரம் வேண்டும். பரமலிங்கம் அவளுடைய தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். பாஸ்வேட் கேட்டது. கொடுத்தாள். மல்லாவி என்ற பேரோடு வரி விரிந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்!" அவள் மைக்குக்கே திரும்பி ஓடிவந்தாள். "அக்கா, நான் உள்ளுக்கு! உங்கட வீட்டுக்குள்ள நிக்கிறன்!" ஓவர் சொல்ல மறந்துபோனாள்.

புளியங்குளத்தில் பாலன் பிக்கப்பின் ஹோர்னை நீட்டி அடித்தான். அது செற்றுக்குள்ளால் வவுனியாவிலும் மல்லாவியிலும் ஒன்றாகக் கேட்டது. மருத்துவிச்சிகள் விமலேஸ்வரியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். பரமலிங்கம் கொழும்புக்குக் கோல் எடுத்து, பரிசோதித்துப் பார்க்கச் சொன்னார். கொழும்பு பரிசோதித்து, மல்லாவி சரி என்றது. அவர் கடைக்கு ஆள் அனுப்பி எல்லாருக்கும் றோல்ஸும் பிளேன்ரீயும் எடுப்பித்தார்.

மறுநாள் காலை இன்னொரு மின்னஞ்சல் வந்தது. முதல் நாள் போட்ட திருத்தம் போதாது, அதற்குள்ளும் ஓட்டை இருக்கிறது, புதியதைப் போடவும் என்றது. நஃப்லா நேரே செற்றுக்குப் போய் விசயத்தைச் சொன்னாள்.

"நேற்றுப் போட்ட வேலிக்குள்ளால ஆடு பூந்திட்டுதோ? ஓவர்" என்று கேட்டாள் விமலேஸ்வரி.

"ஓம் அக்கா. கதிரையில இருங்கோ. ஓவர்."

"நான் இருந்துகொண்டுதான் கதைக்கிறன்."

அன்றைய வேலை பத்து மணித் தேத்தண்ணிக்கு முன்னமே முடிந்துவிட்டது. நஃப்லா தூரத்திலிருந்து பொருத்த, விமலேஸ்வரி திரையைப் பார்த்து நடப்பதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பாலன் மூன்று தரம் ஹோட்டலை விசாரித்தான்.

அடுத்த கிழமை பரமலிங்கம் நஃப்லாவைக் கூப்பிட்டு ஒரு மின்னஞ்சலைக் காட்டினார். நாட்கூலிக்கு இருக்கும் ஒருவர் மல்லாவி சேர்வரின் பிரதான பாஸ்வேட்டைப் பாவித்திருப்பதாகக் கொழும்புக்குத் தெரியவந்திருக்கிறது. பாஸ்வேட்டை உடனே மாற்ற வேண்டும். சேர்வரை இரும்புக் கூட்டுக்குள் வைத்துப் பூட்ட வேண்டும். பூட்டின் திறப்பு வவுனியாவில் இருக்க வேண்டும். அறையைப் பார்ப்பவர் வழமைபோல் பார்க்கலாம், தொடக்கூடாது.

"அவா இல்லாட்டி அண்டைக்கு நாங்கள் என்ன செய்திருப்பம், சேர்?"

"எழுதினனான் பிள்ளை. ரெண்டு தரம் எழுதினனான்."

நஃப்லா போய்ப் பாஸ்வேட்டை மாற்றினாள். புதியது வெறும் எழுத்துகளும் இலக்கங்களும்.

பாலன்தான் கூட்டைக் கொண்டுபோனான். வவுனியாப் பட்டறையில் ஒட்டி, கறுப்பு மை அடித்த கூடு. அதோடு நஃப்லா கொடுத்த மஸ்கத் இனிப்புப் பார்சலும் இருந்தது, "ஆட்டுக்குக் குடுக்க வேண்டாம்" என்று மேலே எழுதி. விமலேஸ்வரி பார்சலை உடனே பிரித்து மருத்துவிச்சிகளுக்கும் பாலனுக்கும் கொடுத்தாள். பாலன் சேர்வரைக் கூட்டுக்குள் தள்ளிப் பூட்டுப் போடும்வரை பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"இவர் என்ன குற்றம் செய்தவர், கம்பிக்குள்ள மறியல் இருக்க?"

"மேலிடத்து ஓடர் அக்கா." பாலன் அவளைப் பார்க்காமல் திறப்பைச் சேட்டுப் பொக்கற்றில் போட்டு, பொத்தானைப் பூட்டினான்.

அடுத்த நாள் காலை அவள் வழமைபோல் அறையைத் திறந்து, கூட்டி, துணியை எடுத்தாள். கூட்டின் கம்பிகளுக்குப் பின்னால் ஒரு பச்சை லைற் துடிக்கத் தொடங்கியது. செற்றை அமத்தினாள்.

"வந்திட்டீங்கள் போல, தங்கச்சி. ஓவர்."

"வந்திட்டன் அக்கா. எப்பிடித் தெரியும்? ஓவர்."

"லைற் சொல்லுது. இருங்கோ, உங்கட முகத்தைக் கொஞ்சம் துடைச்சு விடுறன். ஓவர்."

செற்றில் நஃப்லாவின் சிரிப்புக் கேட்டது. விமலேஸ்வரியும் சிரித்துக்கொண்டே துணியை விரலில் சுற்றி, கம்பி இடுக்குக்குள் விட்டாள். விரல் எட்டிய இடம்வரை பெட்டி மினுங்கியது. அதற்கப்பால் புழுதி அப்படியே கிடந்தது.